சத்தம் போடாத நிலம்

எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில் என்ன கறி என்பதை வாசத்திலேயே சொல்லிவிடுவேன். யார் யாரோடு கோபம் என்பதைப் படலை சாத்துகிற வேகத்தில் சொல்லிவிடுவேன். பெருமைப்படுகிற வேலை இல்லைத்தான். ஆனால் துறைமுகத்துக்குப் பின்புறம் இருபது வீடு மட்டும் உள்ள ஒழுங்கையில், புருசன் போனபின் தனியாக இருக்கிற ஒருத்தி வேறு எதைத்தான் செய்வது? அதனால் பக்கத்து வீட்டு அன்னலட்சுமி நிலம் மாற்றிய கதை எனக்கு முழுவதும் தெரியும். ஊருக்குத் தெரிந்தது முக்கால்வாசி. மிச்சக் கால்வாசி என்னிடம் மட்டும் இருக்கிறது.

அன்னலட்சுமியின் கணவர் கனகரத்தினம், துறைமுகக் களஞ்சியத்தில் முப்பது வருடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. மூத்த மகன் தவராசா சுவிசில். இளையவன் இராசதுரை வீட்டோடு இருந்தான். இருபத்துநாலு வயது. சாதாரணதரப் பரீட்சைப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுப்பான். நல்ல உடம்பு, தயிர்ச் சட்டியைத் தனியாகவே முடிக்கிற பிள்ளை. அந்த வயதில் ஒரு ஆண்பிள்ளை வீட்டில் இருந்தால் சண்டை நடந்த அந்தக் காலத்தில் தாய்மாருக்கு வேறு நோய் தேவையில்லை. அன்னலட்சுமிக்கு இருந்ததெல்லாம் ஒரே நோக்கம்: இவனை எவரும் கேள்வி கேட்டுக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது.

அதற்காக அவள் நடத்திய குடும்பத்தைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். அலுமாரித் திறப்பு எப்போதும் அலுமாரியிலேயே தொங்கும். அரிசிப் பீப்பாவுக்கு மூடி கிடையாது. சுவரில் வங்கி கொடுத்த கலண்டரைத் தவிர ஒரு படமும் இல்லை. ஒரு மருமகன் முறையான பொடியன் கலியாணத்துக்கு வந்து தங்கப் போகிறான் என்றதும், இரண்டு நாள் முன்னதாகவே பொலிசில் பேர் பதிந்துவிட்டு வந்தாள். வரவேண்டியவன் வரவில்லை. அதைச் சொல்லவும் ஒருதரம் போனாள்.

நிலத்தின் விசயம் எங்கள் ஒழுங்கைக்கே தனி. சுற்றிவளைப்பு என்றால் சோதிக்க வருகிற ஆமிக்காரரில் ஒருவன் கையில் இரும்புக் கம்பி இருக்கும். சுவரைத் தட்டுவான், அலுமாரியின் முதுகைத் தட்டுவான், பிறகு நிலத்தை. 'டக்' என்று கேட்டால் அடுத்த அறை. 'டொம்' என்று கேட்டால் வீட்டுக்காரர் எல்லாரும் முற்றத்தில் குந்த வேண்டியதுதான். தொண்ணூற்றாறாம் ஆண்டு நாலாவது வீட்டுக் கமலாதேவியின் குசினி நிலம் டொம் என்றது. கீழே எலி வளை. அதற்காக அவளுடைய மனிசன் இரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு, ஒரு காது கேளாமல் வந்தான். எலிக்கு ஒன்றும் நடக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கையில் யார் நிலம் போட்டாலும் நிறத்தைப் பார்ப்பதில்லை, தட்டிக் காதைக் கொடுத்துப் பார்ப்பார்கள்.

கடல் ஊருக்குள் வந்த அன்று தண்ணீர் எங்கள் ஒழுங்கை வரைக்கும் ஏறியது. அன்னலட்சுமி வீட்டு விறாந்தையைத் தாண்டி மண்டபத்துக்குள்ளும் போனது. வடக்கு மூலையில் அடிமண் கரைந்து, சிவப்புச் சீமெந்து நிலம் வெடித்து ஒரு சாண் இறங்கிவிட்டது. இனி நிலம் மாற்றாமல் ஏலாது. மாற்றத் தொடங்கியது இரண்டாயிரத்தைந்தாம் ஆண்டு; சமாதானக் காலம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நானும் அவளும் நிலத்துக்குப் பதிக்கிற மாபிள் பார்க்கக் கடைத்தெருவுக்குப் போனோம். அவள் கூப்பிடவில்லை, துணைக்குப் போனேன். கடைக்காரப் பெண் றம்லா, பூப்போட்டது, பளபளத்தது என்று விதம்விதமாக எடுத்து வைத்தாள். அன்னலட்சுமி கைப்பையைத் திறந்து பாக்குவெட்டியை எடுத்தாள். ஒவ்வொரு மாபிளையும் நிலத்தில் வைத்து அதன் இரும்புக் காலால் தட்டி, தலையைச் சரித்துக் கேட்டாள். றம்லா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் அவள் கேட்ட ஒரே கேள்வி, இதைப் பதித்த பிறகு அடியில் காற்று நிற்குமா என்பது. மேசன் கையைப் பொறுத்தது என்றாள் அந்தப் பிள்ளை. அன்னலட்சுமி பாக்குவெட்டியைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

மேசன் ஸைனுலாப்தீன், குறிஞ்சாக்கேணியிலிருந்து கடவைப் படகில் வந்து போகிறவர். அவர் மறைக்காமல் சொன்னார்: நூறு மாபிள் பதித்தால் இரண்டு மூன்று காற்றுக் குடிக்கும், தன் வாப்பா பதித்தாலும் குடிக்கும். அந்த இரண்டில்தான் கம்பி போய்த் தட்டும் என்று அன்னலட்சுமி உறுதியாக இருந்தாள். பிளாஸ்ரிக் விரிப்பு வாங்கி விரிக்கலாமே என்று நான் யோசனை சொன்னேன். என் வீட்டில் அதுதான். நடுவில் ஒரு முழ நீளத்துக்குக் கத்தி கீறிய கோடு இருக்கிறது; கீழே பார்க்க வேண்டும் என்று ஒருதரம் கீறினார்கள். அதன்மேல் முக்காலி வைத்து மறைத்திருக்கிறேன். அன்னலட்சுமி அந்த முக்காலியை ஒருதரம் பார்த்தாள்.

கனகரத்தினத்தாருக்கு வேறு ஆசை. துறைமுகத்துக்குள் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் நிலம் பார்க்கே என்கிற மரக்கட்டை நிலம். கைவிரல் அளவுத் தேக்குக் கட்டைகளை மீன்முள் மாதிரி அடுக்கித் தாரில் பதித்தது. முப்பது வருடம் கையில் கோப்போடு அந்த நிலத்தின் விளிம்பில் நின்றவர். சப்பாத்துக் கழற்றாமல் அதில் நடக்க ஒருநாளும் விடவில்லையாம். இப்போது கட்டைகள் சும்மா போகின்றன, ஒரு சொல் சொன்னால் போதும் என்றார். மேசனும் அதற்கே வாக்குப் போட்டார். "தாரில குந்த வெச்சா அது கல்லுத்தான் தங்கச்சி. யானை மிதிச்சாலும் சத்தம் வராது."

தட்டினால் சத்தம் வராதுதான். ஆனால் துறைமுகத்து மரம் உன் வீட்டுக்கு எப்படி வந்தது என்று ஒருவன் கேட்டால்? அன்னலட்சுமி அந்த ஒரு கேள்வியில் தேக்கு முழுவதையும் தள்ளிவிட்டாள். கனகரத்தினத்தார் அன்றைக்குப் பின்னேரம் பத்திரிகையை ஒரே பக்கத்திலேயே வைத்திருந்தார். பழையபடி சிவப்புச் சீமெந்தே போடுவது என்று முடிவானது.

அப்போதுதான் சுவிசிலிருந்து போன் வந்தது. ஆவணிக்குப் பெண்சாதி பிள்ளைகளோடு வருவதாகவும், பிள்ளைகளின் காலுக்குச் சீமெந்து குளிரும் என்றும் தவராசா சொன்னான். திருகோணமலையில் ஆவணி மாதத்தில் குளிரும் சீமெந்து! நான் இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அங்கே எல்லா வீட்டிலும் லமினேட் பலகைதானாம். ஆணி வேண்டாம், பசை வேண்டாம், ஒன்றுக்குள் ஒன்றைக் கொழுவி விடுவது. கொழும்பில் சொல்லி வைத்துவிட்டானாம். போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டிருந்தார்கள். நான் சீனி கடன் வாங்கப் போயிருந்தேன்.

"தம்பி, அதைத் தட்டினால் சத்தம் வருமோ?" என்று அன்னலட்சுமி கேட்டாள்.

"என்னம்மா நீங்கள்? சமாதானம் வந்திட்டுது. இனி ஆர் வந்து தட்டப் போறான்?"

இராசதுரை சுவரில் சாய்ந்து நின்றான். மூத்தவன் காசு அனுப்புகிற வீட்டில் இளையவன் என்ன சொல்வது.

பலகை லொறியில் வந்தது. கப்பல்துறைச் சோதனைச் சாவடியில் ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் பார்த்ததில் அரைநாள் போய்விட்டதாம். அடியில் விரிக்கிற பஞ்சுத் தாளை அவர்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்களாம். ஸைனுலாப்தீன் இப்படி ஒன்றைக் கையால் தொட்டதில்லை. தவராசா போனில் சொல்லச் சொல்லக் கொழுவினார். இறங்கிய மூலைக்குக் கொங்கிறீற் போட வேண்டும் என்றார். காய்வதற்கு நாள் இல்லை, பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்று மண்ணைக் கொட்டி மட்டம் பார்த்து மேலே பலகையைப் போட்டார்கள். வேலை முடிந்ததும் மேசன் கைக்கரண்டியின் பிடியால் நிலத்தை இரண்டு தட்டுத் தட்டினார். அன்னலட்சுமியைப் பார்க்காமல் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனார்.

சுவிஸ் பேரப்பிள்ளைகள் காலுறையோடு சறுக்கி விளையாடினார்கள். ஒழுங்கை முழுவதும் போய்ப் பார்த்தது. மினுக்கம் மினுக்கம்தான். நான் போகும்போது எனக்கு இரண்டே இரண்டு சொக்லேட் தந்தாள் அன்னலட்சுமி. ஒரு பை நிறையக் கொண்டுவந்தார்கள், நான் கண்ணால் கண்டேன். இதை நான் மறந்திருந்தால் நல்லது.

அதன் பிறகு அந்த வீட்டுக்குள் யார் நடந்தாலும் எனக்குக் கேட்கும். கனகரத்தினத்தார் நடந்தால் மெல்லிய டொக் டொக். இராசதுரை நடந்தால் டொங், டொங். பாடம் முடித்து வந்தானா, தயிருக்குக் குசினிக்குப் போகிறானா, எல்லாம் என் படுக்கையிலிருந்தே தெரியும். எனக்கு வேலை மிச்சம். அன்னலட்சுமி அவனைக் கால் நுனியில் நடக்கப் பழக்கினாள். எண்பது கிலோப் பிள்ளை, பூனை மாதிரி.

வருடக் கடைசியில் சமாதானம் கடதாசியில் மட்டும் மிஞ்சியது. அடுத்த வருடம் அதுவும் இல்லை. துறைமுகப் பக்கம் வெடிக்கிற சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஒழுங்கையில் மேய்கிற மான்கள்கூடப் பகலில் வருவதை விட்டன. கம்பிக்காரர்கள் திரும்பி வந்தார்கள்.

முதல் சுற்றிவளைப்பில் அந்த வீடு எங்கே தட்டினாலும் டொம் என்றது. வாசலில் டொம், நடுவில் டொம், சாமி அறையில் டொம். மூன்று பேரும் முற்றத்தில் இரண்டு மணித்தியாலம் குந்தியிருந்தார்கள். வாசலோரம் மூன்று பலகையைக் கழற்றினார்கள். கீழே பஞ்சுத் தாளும் பழைய சிவப்புச் சீமெந்தும். தட்டினவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. போகும்போது பெரியவன் போல இருந்தவன் கொச்சைத் தமிழில், இந்த ஊருக்கு இந்த மாதிரித் தரை சரிவராது என்று அன்னலட்சுமிக்குச் சொன்னான். நல்ல மனசில்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

அவளுக்கு அந்தச் சொல் போதுமாக இருந்தது. பலகை முழுவதையும் கழற்றி, மூலைக்குச் சீமெந்து போட்டுப் பழைய நிலத்துக்கே போய்விட வேண்டும் என்று நின்றாள். வேலிக்கு இந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்ட எனக்குத் தாயும் மகனும் பேசியது முழுவதும் கேட்டது.

"இருந்தபடி இருக்கட்டும் அம்மா. பாத்திட்டுச் சிரிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். இப்ப கிளப்பினால்தான் பிழை. நிலத்தைக் கிளப்பிறம் எண்டு ஆரும் கண்டால் என்னெண்டு நினைப்பினம்?"

"ஆர் காணப் போகினம்? கதவைச் சாத்திப்போட்டுச் செய்வம். உன்னை முற்றத்தில குந்த வச்சதை என்னால இன்னொருக்காப் பாக்க ஏலாது."

கதவைச் சாத்திவிட்டுத்தான் செய்தார்கள். கடவைப் படகு ஓடவில்லை, மேசன் வர வழியில்லை. தகப்பனும் மகனுமே செய்தார்கள். ஆனால் தகர வேலியில் ஒரு ஓட்டை இருக்கிறது, அது என் பக்கத்து ஓட்டை. காலைமுதல் கடக், கடக் என்று பலகை கழலுகிற சத்தம். பிறகு பின்கதவால் பலகைக் கட்டுகள் வந்தன. மகன் சாக்கில் மணல் அள்ளி உள்ளே கொண்டுபோனான். நான் எட்டுச் சாக்கு எண்ணினேன். முதுகெல்லாம் வேர்வை. ஒருதரம் நின்று வேலிப் பக்கம் பார்த்தான். நான் கண்ணை எடுத்துவிட்டேன்.

அன்றைக்குப் பின்னேரம் எனக்குத் தேங்காயெண்ணெய் முடிந்துவிட்டது. அரைப் போத்தல் இருந்தது என்பதும் உண்மை. சந்தியில் ஜமால்தீனின் கடைக்குப் போனேன். ஒரு கதை வயிற்றுக்குள் இருந்தால் எனக்கு நடக்காமல் இருக்க ஏலாது, அது என் வருத்தம்.

"அன்னலட்சுமி வீட்டில நிலத்தைக் கிளப்பிப்போட்டு மூட்டை மூட்டையா மண் கொட்டினம். எனக்குத் தராத சொக்லேட்டை எல்லாம் புதைக்கினமாக்கும்."

நான் சொன்னது இவ்வளவுதான். இதில் சொக்லேட்டைத் தவிர ஒரு சொல்லும் பொய் இல்லை. ஜமால்தீன் சிரிக்கவில்லை. கடை வாசல் வாங்கில் பத்திரிகை விரித்திருந்த ஆளை ஒருதரம் பார்த்தான். அந்த ஆள் யாரிடம் போய்க் கதை கொடுக்கிறவன் என்பது சந்தியில் எல்லாருக்கும் தெரியும். அவனை நான் காணவில்லை என்று சொல்லத்தான் ஆசை. கடைக்குள் ஏறும்போதே கண்டேன். ஒருவன் கூடுதலாகக் கேட்கிறான் என்றதும் என் குரல் கொஞ்சம் உயர்ந்ததும் எனக்குத் தெரியும்.

"போத்தலைத் தாங்க அக்கா," என்றான் ஜமால்தீன். எண்ணெயை அளந்து ஊற்றினான்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி. நான் ஜன்னலில் நின்றேன். நீல நிற வான் ஒன்று ஒழுங்கைக்குள் பின்புறமாக வந்தது. திரும்பிப் போக வசதியாக வருகிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. சீருடை இல்லை. நாலு பேர். ஒழுங்கையில் வேறெந்தப் படலையையும் அவர்கள் பார்க்கவில்லை. கம்பியும் கொண்டுவரவில்லை, ஓரிடத்தையும் தட்டவில்லை. நேரே வடக்கு மூலைக்குப் போய், கனகரத்தினத்தாரின் அலவாங்கையே கேட்டு வாங்கி, சரியாகக் காயாத சீமெந்தைக் கிண்டினார்கள். எட்டுச் சாக்கு மணலையும் மண்டபத்தில் அள்ளிப் பரப்பினார்கள். மணலுக்குக் கீழே மண், மண்ணுக்குக் கீழே கடல்தண்ணி ஊறியது. வேறொன்றும் இல்லை.

ஒன்றும் இல்லாவிட்டால் போய்விடுவார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவர்கள் இராசதுரையைப் பார்த்து, இங்கே புதைத்து எடுத்ததை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார்களாம். அந்தக் கேள்விக்கு அன்னலட்சுமி வீட்டில் பதில் தயாராக இல்லை. ஒரு கையெழுத்து மட்டும், பின்னேரம் விட்டுவிடுவோம் என்றார்கள். அவன் வீட்டுச் செருப்போடு போனான். காலையில் மெழுகிய சீமெந்து முழங்கை வரைக்கும் காய்ந்திருந்தது. அதைக் கழுவிவிட்டு வரட்டுமா என்று அவன் கேட்டது எனக்கு ஜன்னலில் கேட்டது. வானுக்குள் ஏறும்போது அவன் எடைக்கு வான் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

பின்னேரமும் வரவில்லை. அந்தப் பின்னேரம் இன்னும் முடியவில்லை.

பொலிஸ், முகாம் என்று எங்கே போனாலும், அவனை நாங்கள் எடுக்கவில்லை என்றே அவளுக்குச் சொன்னார்கள். முறைப்பாடு எழுதிக்கொள்ளுகிற இடங்களில், வான் எந்த நிறம், என்ன இலக்கம், கண்ட ஆள் யார் என்று கேட்டார்கள். வந்தவர்கள் போகும்போது அன்னலட்சுமியையும் கணவரையும் குசினிக்குள் விட்டுப் பூட்டியிருந்தார்கள். அவர்களுக்கு வானின் சத்தம்தான் தெரியும். ஒழுங்கையில் மற்ற வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. ஆகவே இரண்டாம் கிழமை அவள் என்னிடம் வந்தாள். முக்காலியில் இருந்தாள். கையில் நாலாக மடித்த கடதாசி.

"மலரக்கா, இந்த ஒழுங்கையில ஒரு காகம் பறந்தாலும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஜன்னலில நிண்டிருப்பியள் எண்டுதான் வந்தனான். நம்பர் மட்டும் சொன்னால் போதும். உங்கட பேரைப் போடமாட்டன்."

நாப்பது வருசமாக யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னவள் நான். ஒருத்தி முதல்முதலாக வந்து கேட்கிறாள். அந்த இலக்கம், அதற்கு முன்னால் இருந்த இரண்டு இங்கிலீசு எழுத்து, பின் விளக்கில் ஒன்று உடைந்திருந்தது, எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால், நீ ஏன் பார்த்துக்கொண்டு நின்றாய் என்று யாரோ ஒருவன் வருவான். வேறென்ன பார்த்தாய், யாரிடம் சொன்னாய் என்றும் கேட்பான். ஜமால்தீனின் கடை வாங்கு வரைக்கும் அது போகும். இதில் எந்தப் பயம் பெரிது என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்ல வரவில்லை.

"நான் குசினிக்குள்ள நிண்டனான், அன்னம்," என்றேன்.

அவள் கடதாசியை மடியில் செருகினாள். தேத்தண்ணி குடித்தாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நன்றி எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

தவராசா போனில் அழுதானாம். அந்த மூலையை மட்டும் இனி மூட வேண்டாம் என்று அன்னலட்சுமி சொல்லிவிட்டாள். மண்டபத்தில் மணல் பரந்தபடி கிடக்கிறது. வருகிறவர்கள் ஓரமாக நடந்து போகிறார்கள். பலகைகள் பின்முற்றத்தில் மாரி மழை குடித்து ஓரம் ஊதின. பழுதாகாத கொஞ்சத்தைக் கனகரத்தினத்தார் வேலிக்கு மேலால் என் பக்கம் தந்தார், எதற்கும் உதவும் எடுங்கோ என்று. வாங்கிக்கொண்டேன். கோழிக்கூட்டின் அடியில் இரண்டு கல் வைத்து, அதன்மேல் அடுக்கிவிட்டேன்.

கோழிகள் பின்னேரம் கூட்டுக்கு ஏறும்போது டொக் டொக் என்று கேட்கும். என்னிடம் ஒரு கொழுத்த சேவல் இருக்கிறது. அது மெதுவாக, நின்று நின்று, டொங், டொங் என்று நடக்கும். நேற்று அது ஏறிய நேரம், வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றது. ஓடி வருகிற காலடி கேட்டது. தகரத்துக்கு மேலால் அன்னலட்சுமியின் முகம். கையிலிருந்து சவர்க்கார நுரை வழிந்தது.

"மலரக்கா, ஆரது நடக்கிறது?"

"கோழி, அன்னம்," என்றேன்.

அவள் போகவில்லை. சேவல் உள்ளே போய் அடங்குமட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.